நான்காவது அவை: ஸ்வீடனில் குடியானவர் பிடித்துக்கொண்ட இடம்

ஸ்வீடனின் வடக்கே, பொத்னியா வளைகுடாக் கரையில் பிக்டியோ என்றொரு குருசேகரம் இருக்கிறது. ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சில ஊர்களைச் சேர்த்துக் குருசேகரம் என்பார்கள். 1621-க்கும் 1639-க்கும் இடையில் அந்தச் சின்னச் சேகரத்திலிருந்து போலந்துப் போருக்கும் ஜெர்மனிப் போருக்கும் 230 இளைஞர்களை அரசு எடுத்துக்கொண்டு போனது. அவர்களில் 215 பேர் செத்துப்போனார்கள். ஐந்து பேர் ஊனமாகி ஊர் திரும்பினார்கள். போர்க்களத்தில் விழுந்தவர்கள் குறைவு. முகாமில் பரவிய காய்ச்சலிலும் பேதியிலும் போனவர்களே அதிகம். போகப்போக ஆள் கிடைக்காமல், பட்டியலில் பதினைந்து வயதுப் பையன்களின் பெயர்கள் வரத் தொடங்கின.

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஏழைகளின் பிள்ளைகள் போரில் செத்தது புதிய செய்தி இல்லை. ஸ்வீடனைத் தனியாகப் பார்க்க வைப்பது வேறொன்று. பிள்ளைகளைப் பறிகொடுத்த அதே குடியானவர்களுக்கு நாட்டின் மன்றத்தில் தனி அவை இருந்தது. ரிக்ஸ்டாக் என்ற அந்த மன்றம் நான்கு அவைகளாகக் கூடியது: பிரபுக்கள், குருமார், நகர வணிகர், குடியானவர். பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் மூன்றோடு கதை முடிந்துவிடும். உழுகிறவன் வரி கட்டுவான், ஆள் கொடுப்பான். ஆனால் மன்றத்துக்குள் அவனுக்கு இடம் கிடையாது. ஸ்வீடனில் மட்டும் எப்படி இப்படி ஒரு நான்காவது அவை உண்டானது, அதனால் குடியானவருக்கு உண்மையில் என்ன கிடைத்தது? நவீன காலத்தின் தொடக்கத்து ஸ்வீடனைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் நிலம். 1520-களில் ஸ்வீடனின் பண்ணைகளில் ஏறக்குறைய பாதி, சொந்தமாக நிலம் வைத்து அரசுக்கு நேரடியாக வரி கட்டிய குடியானவர்களிடம் இருந்தது. மீதியைப் பிரபுக்களும் திருச்சபையும் பங்கு போட்டிருந்தார்கள். அரசரின் சொந்த நிலம் மிகக் கொஞ்சம். பால்டிக் கடலுக்கு அக்கரையில், லிவோனியாவிலும் போலந்திலும், உழுகிறவன் பண்ணையடிமையாக இருந்தான். எஜமான் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டு நகர முடியாது. ஸ்வீடனில் அந்த முறை வேர் பிடிக்கவில்லை. காடும் பாறையும் நிறைந்த நாடு, குளிர் நீண்டது, மண் மெலிந்தது. பெரிய பண்ணை வைத்துத் தானியம் விளைவித்து ஏற்றுமதி செய்ய ஏற்ற இடம் தெற்கே கொஞ்சம்தான். வட்டார நீதிமன்றத்திலும் குடியானவருக்கு இடம் இருந்தது. நீதிபதியோடு ஊரில் மதிப்புள்ள பன்னிரண்டு குடியானவர்கள் உட்கார்ந்து வழக்குக் கேட்டார்கள். ஆக, மன்றத்துக்குப் போவதற்கு முன்பே பொது இடத்தில் எழுந்து பேசிய பழக்கம் அவர்களுக்கு உண்டு. கையில் ஆயுதமும் இருந்தது. வேட்டைக்கு வைத்திருந்த குறுக்குவில் கவசத்தைத் துளைக்கும்.

இந்த ஆயுதத்தின் அருமையை நன்றாக அறிந்தவர் குஸ்தாவ் வாசா. 1520 நவம்பரில் டென்மார்க் அரசர் இரண்டாம் கிறிஸ்தியான், ஸ்வீடனைப் பிடித்த கையோடு, ஸ்டாக்ஹோமில் பிரபுக்களும் ஆயர்களுமாக எண்பதுக்கும் மேற்பட்டவர்களின் தலையை வெட்டினார். செத்தவர்களில் குஸ்தாவின் தந்தையும் ஒருவர். மகன் வடமேற்கே டாலர்னாவுக்குப் போய் அங்கிருந்த குடியானவர்களையும் சுரங்கக்காரர்களையும் திரட்டினார். லூபெக் நகரத்து வணிகர்கள் கடனாகக் கப்பலும் பணமும் கொடுத்தார்கள். 1523 ஜூன் 6 அன்று அவரை அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அப்புறம் கடனை அடைக்க வேண்டும். 1527-இல் வெஸ்தெரோஸில் கூடிய மன்றத்தில் திருச்சபையின் சொத்துகள் அரசரின் கைக்குப் போயின. ஸ்வீடன், போப்பை விட்டுப் பிரிந்து மார்ட்டின் லுத்தரின் வழியில் போகும் லுத்தரன் நாடாக மாறியதில் கொள்கைக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கடனுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். அதோடு நிற்கவில்லை. 1531-இல் ஒவ்வொரு கிறிஸ்தவக் கோயிலும் ஒரு மணியைத் தர வேண்டும் என்று அரசர் கேட்டார். உருக்கினால் உலோகம், உலோகம் பணம். கோயில் மணி என்பது ஊரார் சேர்ந்து காசு போட்டு வார்த்தது. பிறப்புக்கும் இறப்புக்கும் அடிப்பது. டாலர்னாவில் கலகம் வந்தது. தன்னை அரியணையில் ஏற்றிய அதே மக்களின் தலைவர்களை அரசர் வெட்டினார்.

1542-இல் தெற்கே ஸ்மோலாந்தில் நில்ஸ் டாக்கே என்ற குடியானவர் தலைமையில் இன்னும் பெரிய கலகம். வரி, எல்லை தாண்டி மாடு விற்கத் தடை, பழைய வழிபாட்டைக் கலைத்தது என எல்லாக் கோபமும் ஒன்றாகச் சேர்ந்தது. குஸ்தாவ் வாசா டாக்கேயோடு ஒரு குளிர்காலம் முழுக்கப் போர்நிறுத்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1543-இல் டாக்கேயைக் கொன்று கலகத்தை நசுக்கினார். ஆனால் அந்தக் குளிர்காலம் அரச குடும்பத்துக்கு மறக்கவில்லை. மறு ஆண்டே மன்றத்தைக் கூட்டி, அரியணை இனித் தன் வம்சத்துக்கே என்று ஒப்புதல் வாங்கினார். கலகம் செய்த மக்களின் பெயரிலும் அந்த ஒப்புதல் இருக்க வேண்டியிருந்தது. குடியானவரை அடித்து ஒடுக்கலாம், செலவு அதிகம். கூப்பிட்டு உட்கார வைத்துச் சம்மதம் வாங்கினால் செலவு குறைவு. பின்னால் வந்த அரசர்கள் இந்தக் கணக்கில்தான் நடந்தார்கள்.

1611-இல் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் அரசரானபோது அவருக்குப் பதினேழு வயதுகூட முழுசாக ஆகவில்லை. அடுத்த ஆண்டு ஆக்செல் ஒக்சென்ஸ்டியர்னா தலைமை அமைச்சரானார். 1654-இல் சாகும் வரை அந்த நாற்காலியில் இருந்தவர் அவர். இருவருமாகச் சேர்ந்து ஓர் ஏழை நாட்டை, அதன் அளவுக்கு மீறிய படை வைத்திருக்கும் இயந்திரமாக மாற்றினார்கள். டென்மார்க் பிடித்து வைத்திருந்த எல்வ்ஸ்போரி கோட்டையை மீட்க 1613 உடன்படிக்கைப்படி பத்து லட்சம் வெள்ளி நாணயம் கொடுக்க வேண்டும். பதினைந்து வயதைத் தாண்டிய எல்லோர் மேலும் வரி விழுந்தது. வேலைக்காரப் பெண்ணும் கட்டினாள். வரி வாங்கப் பட்டியல் வேண்டும். பட்டியல் போடும் பழக்கம் அங்கே ஆழமாக ஊன்றியது இப்படித்தான். 1617-இல் மன்றம் எப்படிக் கூட வேண்டும் என்ற ஒழுங்குமுறை வந்தது. நான்கு அவைகளும் தனித்தனியாகப் பேசி முடிவைச் சொல்லும். முடிவுகள் ஒத்துவராவிட்டால் அரசர் தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். அதாவது நாற்காலி உண்டு, அதன் பலம் அளந்து வைக்கப்பட்டது.

படைக்கு ஆள் எடுத்த முறையும் பட்டியலில்தான் தொடங்கியது. பதினைந்து முதல் அறுபது வயது வரையான ஆண்களின் பெயர்களைப் போதகர் எழுதிக் கொடுப்பார். பத்துப் பேருக்கு ஒருவர் என்று அதிகாரிகள் எடுப்பார்கள். யார் போவது என்பதில் ஊர்ப் பெரியவர்களின் வாக்கும் எடுபட்டது. கொஞ்சம் வசதி உள்ளவர் தன் மகனுக்குப் பதில் காசு கொடுத்து வேறு ஆளை அனுப்பினார். பிரபுக்களின் நிலத்தில் குத்தகைக்கு இருந்தவர்களிடம் பாதி விகிதத்தில்தான் ஆள் எடுத்தார்கள். ஆகவே பாரம் முழுசாக இறங்கியது சொந்த நிலம் வைத்திருந்த, அரசரின் நேரடிக் குடிகள் மேல்தான். மன்றத்தில் உட்கார உரிமை இருந்ததும் அவர்களுக்குத்தான்.

சரி, அவர்கள் ஏன் ஒத்துக்கொண்டார்கள்? மேடையிலிருந்து போதகர் வாரா வாரம் சொன்னது ஒரு காரணம். லுத்தரன் சபையின் எதிரிகள் ஜெர்மனியை விழுங்கிவிட்டால் அடுத்து இங்கேதான் வருவார்கள் என்று பிரார்த்தனை நாள்களில் பிரசங்கம் நடக்கும். இன்னொரு காரணம் குறைமனு. ஒவ்வொரு வட்டாரமும் தன் குறைகளை எழுதி ஆளிடம் கொடுத்து அனுப்பும்: அதிகாரி வண்டிக்குக் குதிரை கேட்டு இம்சிக்கிறார், மில்லில் மாவுக்கு வரி அதிகம், பிரபு எங்கள் காட்டை அடைத்துவிட்டார். அரசர் அவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதிலை அச்சடித்துத் தருவார்கள். கேட்டது கிடைத்தது குறைவு என்பது உண்மை. ஆனால் பதில் எழுத வேண்டிய கட்டாயம் அரசருக்கு இருந்தது. பக்கத்து நாடுகளின் உழவனுக்கு அதுகூட வாய்க்கவில்லை.

குஸ்தாவ் அடால்ஃப் 1632-இல் லூட்சென் போரில் செத்தார். மகள் கிறிஸ்டினாவுக்கு அப்போது ஆறு வயதுகூட நிரம்பவில்லை. 1648-இல் வெஸ்ட்ஃபாலியா அமைதியில் வட ஜெர்மனியின் துறைமுகப் பகுதிகள் ஸ்வீடனுக்குக் கிடைத்தன. நாடு பேரரசாகிவிட்டது; கஜானா மட்டும் காலி. தளபதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் கொடுக்கப் பணம் இல்லாததால் நிலத்தையும் நிலத்தின் வரியையும் கொடுத்தார்கள். இது வெறும் கணக்குப் புத்தக மாற்றம் போலத் தெரியலாம். ஊரில் அது வேறு மாதிரி தெரிந்தது. நேற்று வரை அரசருக்கு வரி கட்டியவர் இன்று ஒரு பிரபுவுக்குக் கட்டுகிறார். பிரபு வரியோடு நிற்கவில்லை; தன் வயலில் வந்து வேலை செய்யச் சொன்னார். நூற்றாண்டின் நடுவில் பண்ணைகளில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கமாக ஏதோ ஒரு வகையில் பிரபுக்களின் கையில் இருந்தது. லிவோனியாவின் அடிமைத்தனம் இங்கேயும் வந்துவிடும் என்ற பயம் அன்றைய மனுக்களில் திரும்பத் திரும்ப வருகிறது. போருக்குப் போய்வந்தவர்கள் அந்த அடிமைகளைக் கண்ணால் பார்த்தவர்கள்.

1650 மன்றக் கூட்டம் அந்தப் பயத்தில் கூடியது. முந்தைய அறுவடை பொய்த்துப் பசி வேறு. குருமார், வணிகர், குடியானவர் மூன்று அவைகளும் சேர்ந்து, கொடுத்த நிலத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று அரசியிடம் கோரின. கிறிஸ்டினா அந்தக் கோபத்தைப் பிரபுக்களை மிரட்டப் பயன்படுத்திக்கொண்டார். தன் அத்தை மகன் கார்ல் குஸ்தாவின் வம்சத்துக்கே அரியணை உரிமை என்று அவர்களை ஒத்துக்கொள்ள வைத்தார். காரியம் முடிந்ததும் மற்ற மூன்று அவைகளையும் கைவிட்டார். குடியானவர் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். மன்றத்தில் இடம் இருப்பதால் மட்டும் நியாயம் கிடைக்காது என்பதை அவர்கள் கசப்பாகத் தெரிந்துகொண்ட ஆண்டு அது.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே கோரிக்கை ஜெயித்தது. 1680 மன்றத்தில் பதினோராம் கார்ல் நிலங்களைத் திரும்ப எடுக்கும் முடிவை வாங்கினார். மூன்று கீழ் அவைகளோடு சிறிய பிரபுக்களும் சேர்ந்துகொண்டார்கள். பெரிய குடும்பங்கள் அரண்மனையும் தோட்டமுமாகக் கொழிப்பதைப் பார்த்து அவர்களுக்கும் எரிச்சல். அடுத்த ஆண்டுகளில் பிரபுக்களிடமிருந்த நிலத்தில் பாதிக்கு மேல் போனது. நாட்டின் பண்ணைகள் ஏறக்குறைய மூன்று சம பங்காயின: அரசருக்கு ஒன்று, பிரபுக்களுக்கு ஒன்று, சொந்த நிலக் குடியானவருக்கு ஒன்று. பண்ணையடிமை பயம் போனது. ஆனால் இதற்கும் விலை இருந்தது. பிரபுக்களை அடக்க அரசருக்குக் கொடுத்த பலம் எல்லோரையும் அடக்கியது. 1693-இல் மன்றமே, அரசர் பூமியில் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஏகாதிபதி என்று அறிவித்தது. குடியானவர் அவையும் சேர்ந்துதான் அதைச் சொன்னது.

மீட்ட நிலத்தை வைத்துக் கார்ல் ஏற்படுத்திய படை முறை இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் கவனிக்கத் தக்கதாகப் படுகிறது. வழக்கமாக இரண்டு பண்ணைகள் சேர்ந்து ஒரு படைவீரனை வைத்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு ஒரு சின்ன வீடு, ஒரு துண்டு வயல், கொஞ்சம் புல்வெளி, உடை, சேரும்போது கொஞ்சம் பணம். பதிலுக்கு அந்தப் பண்ணைகளின் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடிக்க மாட்டோம் என்று அரசு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. மாகாணத்துக்கு 1,200 பேர் கொண்ட ஒரு காலாட்படைப் பிரிவு. அமைதிக் காலத்தில் வீரன் உழுவான், மரம் வெட்டுவான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பயிற்சி எடுப்பான். ஊரில் பாதிப் பேருக்கு ஆண்டர்சன், எரிக்சன் என்று தகப்பன் பெயரை வைத்த ஒரே மாதிரிப் பெயர் இருந்ததால், பட்டியலில் குழப்பம் வராமல் இருக்க வீரனுக்குத் தனிப் பெயர் சூட்டினார்கள். ரஸ்க் என்றால் சுறுசுறுப்பு. மூதிக் என்றால் தைரியம். ஸ்வேர்ட் என்றால் வாள். ஒருவன் செத்து இன்னொருவன் வந்தால் பல இடங்களில் அதே பெயர்தான் அவனுக்கும். இன்றைய ஸ்வீடன்காரர்களில் பலரின் குடும்பப் பெயர் இந்தப் பட்டியலிலிருந்து வந்தது.

வீரன் செத்தால் அவன் மனைவி வீட்டைக் காலி செய்ய வேண்டும். அது புதிதாக வருபவனின் வீடு. வந்தவனையே அவள் மணந்துகொண்டது சகஜம். பிள்ளைகளோடு தெருவில் நிற்காமல் இருக்க அவளுக்கு இருந்த வழி அது ஒன்றுதான் என்பதால், அதை நான் காதல் கதையாகப் படிக்க மாட்டேன்.

பதினோராம் கார்லின் காலத்துச் சட்டங்களில் இன்னொன்று 1686-இன் திருச்சபைச் சட்டம். ஆணோ பெண்ணோ, வேலைக்காரரோ, எல்லோரும் வேதத்தைத் தாங்களே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அது சொன்னது. நற்கருணை வாங்கவும் கல்யாணம் செய்யவும் லுத்தரின் சிறிய ஞானோபதேசம் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர் லுத்தரன் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிறு நூல் மனப்பாடமாக இருக்கும், அதே நூல்தான். பள்ளிக்கூடம் கட்டப் பணம் இல்லை. ஆகவே பெற்றோர் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். சில இடங்களில் கோயில் பணியாளர் சொல்லிக்கொடுத்தார். ஆண்டுக்கு ஒரு முறை போதகர் ஏதாவது ஒரு பண்ணை வீட்டுக்கு வருவார். அக்கம்பக்கத்தார் எல்லோரும் கூடுவார்கள். எஜமானியையும் வேலைக்காரப் பெண்ணையும் ஒரே அறையில் நிறுத்திப் படிக்கச் சொல்வார். யார் தடுமாறாமல் படித்தார், யாருக்கு அர்த்தம் தெரிந்தது என்று பேரேட்டில் குறித்துக்கொள்வார். நோக்கம் கட்டுப்பாடுதான், மறைக்க எதுவும் இல்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், எழுதத் தெரிந்தவர்கள் மிகக் குறைவாகவும் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பான்மையாகவும் இருந்த விசித்திரமான நாடாக ஸ்வீடன் இருந்தது. பெண்களும் ஆண்களுக்குச் சமமாகப் படித்தார்கள்.

அந்தப் பேரேடுகளிலேயே பிறப்பு, இறப்பு, ஊர் மாறிப் போனவர் வந்தவர் எல்லாம் பதிவாயின. 1749-இல் எல்லாச் சேகரங்களின் எண்களையும் சேர்த்து நாடு முழுவதற்குமான மக்கள்தொகைக் கணக்கை எடுத்தார்கள். பின்லாந்தைத் தவிர்த்து ஸ்வீடனில் பதினேழு லட்சத்துக்குச் சற்று அதிகமான பேர்தான் இருந்தார்கள். இவ்வளவு குறைவு என்று பக்கத்து நாடுகளுக்குத் தெரியக்கூடாது என்று பல ஆண்டுகள் அந்த எண்ணை ரகசியமாக வைத்திருந்தார்கள்.

குறைந்ததற்குக் காரணம் இருந்தது. 1700-இல் தொடங்கிய பெரும் வடக்குப் போரில் பன்னிரண்டாம் கார்ல் ரஷ்யா வரை போனார். 1709-இல் பொல்தாவாவில் தோற்றார். ஆயிரக்கணக்கானவர்கள் சிறைப்பட்டுச் சைபீரியா வரை போனார்கள். கட்டாயமாக ஆள் பிடிக்க மாட்டோம் என்ற ஒப்பந்தம் காற்றில் போனது. ஒரு வீரன் செத்தால் இரண்டு பண்ணைகளும் இன்னொருவனைத் தேட வேண்டும். அவனும் செத்தால் மறுபடியும். போதாக்குறைக்கு, ஒரு வீரனை வைத்திருந்த பண்ணைகளை ஒரு தொகுதி என்று கொண்டு, மூன்று தொகுதிகள் சேர்ந்து கூடுதலாக ஓர் ஆள் என்றார்கள். 1710-இல் கொள்ளைநோய் வந்து ஸ்டாக்ஹோமில் மூன்றில் ஒரு பங்கு மக்களைக் கொண்டுபோனது. 1718 நவம்பர் 30 அன்று நார்வேயின் ஃபிரெட்ரிக்ஸ்தேன் கோட்டைக்கு முன்னால் பதுங்குகுழியில் நின்றிருந்த அரசரின் தலையில் குண்டு பாய்ந்தது. வாரிசு இல்லை. 1721 நிஸ்டாட் உடன்படிக்கையில் பால்டிக் மாகாணங்கள் ரஷ்யாவுக்குப் போயின. பேரரசு முடிந்தது.

அடுத்து வந்த ஐம்பது ஆண்டுகளை ஸ்வீடன்காரர்கள் சுதந்திரக் காலம் என்பார்கள். கார்லின் தங்கை உல்ரிக்கா எலெயோனோரா யாருக்கும் பதில் சொல்லாமல் ஆளும் அதிகாரத்தைக் கைவிடுவதாக ஒத்துக்கொண்ட பிறகே மன்றம் அவரை அரசியாக்கியது. புது அரசியல் சட்டத்தில் அதிகாரம் மன்றத்திடம் வந்தது. அமைச்சர் குழுவில் பதினாறு பேர். அரசருக்கு இரண்டு வாக்கு, அவ்வளவுதான். 1756 முதல் அரசர் கையெழுத்துப் போட மறுத்தால் அவர் பெயர் பொறித்த முத்திரையைக் குத்தி உத்தரவு அனுப்பினார்கள். தொப்பிக்காரர், குல்லாய்க்காரர் என்று இரண்டு கட்சிகள் உருவாகி மாறி மாறி ஆண்டன. ஒரு கட்சிக்குப் பிரான்சும் மற்றதற்கு ரஷ்யாவும் பிரிட்டனும் பணம் கொடுத்தன.

குடியானவர் அவையில் சுமார் 150 பேர். வட்டாரத்துக்கு ஒருவர், அவருடைய வழிச்செலவை ஊரார் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். கட்டுப்படி ஆகாத வட்டாரங்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒருவரை அனுப்பும். வருபவர் உண்மையில் உழுகிறவராக இருக்க வேண்டும் என்பது விதி. அதிகாரியோ வேறு தொழில் பார்த்தவரோ அங்கே உட்கார முடியாது. நான் மிகவும் மதிக்கும் விதி அது. ஆனால் வெளிநாட்டு உறவு, போர், கடன் போன்ற பெரிய விஷயங்களை முடிவு செய்தது ரகசியக் குழு. அதில் பிரபுக்கள் 50, குருமார் 25, வணிகர் 25. குடியானவருக்குப் பொதுவாக இடம் இல்லை. அவையின் செயலாளரும் அவர்களில் ஒருவர் இல்லை. மேலிருந்து வந்த படித்த அதிகாரி.

இதன் விளைவு 1743-இல் தெரிந்தது. தொப்பிக்காரர் ரஷ்யாவோடு தொடங்கிய போர் படுதோல்வியில் முடிந்தது. தங்கள் வீரர்களைப் பின்லாந்தில் பறிகொடுத்த டாலர்னாக்காரர்கள் ஐயாயிரம் பேர் அளவில் ஸ்டாக்ஹோமுக்கு நடந்தே வந்தார்கள். தளபதிகளைத் தண்டியுங்கள், அடுத்த அரசரை எங்களையும் கேட்டுத் தீர்மானியுங்கள் என்றார்கள். பேச்சு வளர்ந்தது. ஜூன் 22 அன்று நகரச் சதுக்கத்தில் படை பீரங்கியால் சுட்டது. செத்தும் காயப்பட்டும் விழுந்தவர்கள் நூற்றுக்கு மேல். குஸ்தாவ் வாசாவை அரியணையில் ஏற்றிய ஊர்களின் பிள்ளைகள் அவர்கள்.

அந்தக் காலத்தின் இன்னொரு முயற்சி நம் கடற்கரை வரை வந்தது. 1731-இல் கோத்தன்பர்க்கில் ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. அதன் இரண்டாவது கப்பல் 1733-இல் பரங்கிப்பேட்டையில் நங்கூரம் போட்டது. கரையில் ஒரு பண்டகசாலையும் வைத்தார்கள். சென்னையின் ஆங்கிலேயரும் புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரரும், பரம எதிரிகள், இதற்காக ஒன்று சேர்ந்து படை அனுப்பி அக்டோபரில் அதைக் கைப்பற்றி அழித்தார்கள். அதற்குப் பிறகு ஸ்வீடன் கம்பெனி பெரும்பாலும் சீனத் தேயிலையோடு நின்றுகொண்டது.

சுதந்திரக் காலத்தின் சிறந்த வேலை கடைசியில்தான் வந்தது. அன்று வரை எந்தப் புத்தகமும் அரசின் தணிக்கையாளரைத் தாண்டித்தான் வெளிவர வேண்டும். 1759-இல் பேத்தர் ஃபோர்ஸ்கோல் என்ற இளம் அறிஞர், குடிமக்களின் சுதந்திரம் பற்றி ஒரு சிறு வெளியீடு அச்சிட்டார். 500 பிரதிகள். தடை வந்தது. திரும்பப் பிடிக்கும் வேலை உப்சாலா பல்கலைக்கழகத்தின் தலைவர் மேல் விழுந்தது. தலைவர் ஃபோர்ஸ்கோலின் ஆசிரியரான தாவரவியலாளர் லின்னேயஸ். 79 பிரதிகள்தான் கைக்குக் கிடைத்தன. மீதி நாட்டுக்குள் கைமாறிக்கொண்டிருந்தது.

1765-இல் குல்லாய்க்காரர் ஜெயித்தார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பின்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து குருமார் அவையின் உறுப்பினராக வந்தவர் ஆந்தெர்ஸ் கிடேனியஸ். சின்ன ஊர் உதவிப் போதகர். அவருடைய பக்கத்து ஊர்க்காரர்கள் மரத்திலிருந்து தார் காய்ச்சிப் பிழைத்தவர்கள். அந்தத் தாரை வெளிநாட்டுக்கு நேரடியாக விற்கச் சட்டம் விடவில்லை, ஸ்டாக்ஹோம் வணிகர் வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தடையை உடைக்க வந்தவர், தடைகள் நிலைத்து நிற்பதற்கே காரணம் யாரும் எதையும் வெளிப்படையாகப் பேச முடியாததுதான் என்று கண்டுகொண்டார். 1766 டிசம்பர் 2 அன்று அச்சுச் சுதந்திரச் சட்டம் வந்தது. மதநூல்களைத் தவிர மற்றவற்றுக்கு முன்தணிக்கை ஒழிந்தது. அதைவிடப் புதுமையானது, அரசு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் உள்ள ஆவணங்களை யாரும் கேட்டு வாங்கி அச்சிடலாம் என்ற பகுதி. உலகில் அப்படி ஒரு சட்டம் அதற்கு முன் இல்லை. சட்டம் வெளிவந்தபோது கிடேனியஸ் மன்றத்தில் இல்லை. தன் சொந்தக் கட்சியின் நாணயக் கொள்கையை எதிர்த்து எழுதியதற்காக அவரை வெளியேற்றியிருந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. குடியானவர் அவை என்பது ஊர் மக்கள் எல்லோருடைய அவையும் அல்ல. சொந்த நிலம் உள்ளவரும் அரசு நிலத்தை உழுபவரும்தான் வாக்களித்தார்கள். பிரபுவின் நிலத்தில் குத்தகைக்கு இருந்தவருக்கு உரிமை இல்லை. அவருக்காகப் பிரபு பேசுவார் என்பது நியாயமாம். குடிசைக்காரர், பண்ணை வேலைக்காரர் யாரும் கணக்கில் இல்லை. நிலமும் வேலையும் இல்லாத ஆள் யாரிடமாவது வருடக் கூலிக்குச் சேர்ந்தே ஆக வேண்டும் என்று சட்டம். சேராவிட்டால் நாடோடி என்று பிடித்துப் படைக்கு அனுப்பலாம். உழைப்பாளரை விலகவிடாத இந்தச் சட்டங்களைக் குடியானவர் அவையே ஆதரித்தது, ஏனென்றால் அவர்கள் கூலி கொடுக்கும் பக்கத்தில் இருந்தார்கள். கிராமத்தில் மகளுக்குச் சொத்தில் மகனின் பங்கில் பாதிதான். வடக்கே சாமி என்ற பழங்குடி மக்களின் நிலை இன்னும் மோசம். 1635-இல் தொடங்கிய நாசஃபியெல் வெள்ளிச் சுரங்கத்துக்கு அவர்களைக் கலைமான்களோடு கட்டாயமாகச் சுமை தூக்க வைத்தார்கள். அவர்களுடைய வழிபாட்டு மத்தளங்களைப் பிடுங்கினார்கள். 1693-இல், மன்றம் அரசரை ஏகாதிபதி என்று அறிவித்த அதே ஆண்டில், பழைய தெய்வங்களை வணங்கியதற்காக லார்ஷ் நில்சன் என்ற சாமி முதியவருக்கு மரணதண்டனை நிறைவேற்றினார்கள்.

1772 ஆகஸ்ட் 19 அன்று மூன்றாம் குஸ்தாவ் படையை வைத்து மன்றத்தின் அதிகாரத்தைப் பறித்தார். அச்சுச் சுதந்திரத்தைச் சுருக்கினார். 1788-இல் மன்றத்தைக் கேட்காமல் ரஷ்யாவோடு போர் தொடங்கினார். அதிகாரிகளான பிரபுக்கள் எதிர்த்தார்கள். உடனே பழைய கணக்கு மறுபடி வெளியே வந்தது. 1789-இல் அவர் மூன்று கீழ் அவைகளையும் தன் பக்கம் சேர்த்தார். பிரபுக்களுக்கு மட்டும் என்றிருந்த பெரும்பாலான பதவிகள் எல்லோருக்கும் திறந்தன. பிரபுக்களுக்கே உரிய சில வகை நிலங்களைத் தவிர மற்றதைக் குடியானவர் வாங்கலாம். தன் நிலத்தின் மேல் அவருக்கு முழு உரிமை. பதிலுக்கு அரசருக்குப் போர் தொடங்கும் அதிகாரம். நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன் பதினோராம் கார்லோடு செய்த அதே பேரம். மூன்று ஆண்டு கழித்து, 1792 மார்ச்சில், ஒரு முகமூடி விருந்தில் பிரபுக்களின் சதியில் குஸ்தாவ் சுடப்பட்டார்.

1866-இல் நான்கு அவைகளும் கலைந்து இரண்டு அவை மன்றம் வந்தது. சொத்தும் வருமானமும் பார்த்து வாக்குரிமை. அடுத்த ஆண்டே இரண்டாம் அவையில் நில உடைமைக் குடியானவர்கள் தங்கள் கட்சியை அமைத்தார்கள். அவையிலேயே பெரிய கட்சி அதுதான். முன்னூறு ஆண்டுகள் மனு எழுதி, பேரம் பேசி, ஏமாந்து பழகியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அவர்கள் கேட்டது இரண்டு: பழைய நிலவரி போக வேண்டும், பண்ணைகள் படைவீரனை வைத்துக்கொள்ளும் முறை போக வேண்டும். இரண்டாவதற்கு 1901 வரை காத்திருந்தார்கள். அந்த ஆண்டு படைவீரர் வீட்டு முறைக்குப் பதில், எல்லா ஆண்களுக்கும் கட்டாயப் படைப்பணி என்ற சட்டம் வந்தது.